வெல்டிங் நெருப்பில் வளரும் பாகங்கள்: உடலுக்கு வெளியே எது, உள்ளே எது?

எலும்பு முறிவுக்கும் மூட்டு மாற்றுக்கும் சிகிச்சை பெற வரும் குடும்பத்தினர் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "உலோகத்தையே அச்சிடும் இயந்திரம் வந்துவிட்டதாமே, அதில் குறைந்த செலவில் வேண்டியதைச் செய்துகொள்ள இயலாதா?" கேள்வி நியாயமானது. ஆனால் விடை ஒன்றன்று. அந்தப் பாகம் உடலுக்கு வெளியே இருக்கப்போகிறதா, உள்ளே செல்லப்போகிறதா என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

வெல்டிங் எவ்வாறு அச்சாகிறது?

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் சென்றவர்கள் வெல்டிங் எனப்படும் பற்றவைப்பைக் கண்டிருப்பார்கள். மின்பொறியின் வெப்பத்தில் உலோகக் கம்பி உருகிச் சொட்டி, இரண்டு துண்டுகளை இணைக்கிறது. அதே உருகிய கம்பியை ஒரு தகட்டின் மீது வரிவரியாக இட்டு, ஒரு வரி இறுகியபின் அதன்மேல் அடுத்த வரியை இட்டால், சுவர் எழுவதுபோல் ஒரு பொருள் வளரும். கையின் இடத்தில் கணினி இருந்து பாதையை வகுத்தால் அதுவே வெல்டிங் வழி உலோக அச்சு.

இந்த எண்ணம் புதியதன்று. மின்பொறியால் உலோகத்தை அடுக்கி அலங்காரப் பொருள்கள் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் 1925ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. கணினி மலிவான பின்னரே அது பரவலாயிற்று. 2013இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா பியர்ஸ் குழுவினர், கடையில் விற்கும் சாதாரண வெல்டிங் கருவியை அசையாமல் நிறுத்தி, அதன் கீழே மேடையை மட்டும் கணினியால் நகர்த்தும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். வெல்டிங் கருவியையும் சேர்த்து அதன் செலவு 2,000 டாலருக்கும் குறைவு. அக்காலத்தில் விற்பனையிலிருந்த உலோக அச்சு இயந்திரங்களின் விலை பல லட்சம் டாலர். தமது வரைபடங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று அவர்கள் வெளியிட்டனர்.

நம் நாட்டில் மும்பை ஐஐடி பேராசிரியர் கே. பி. கருணாகரன், வெல்டிங்கால் ஓர் அடுக்கு இடுதலையும் அதைக் கடைந்து சமன்செய்தலையும் ஒரே இயந்திரத்தில் இணைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகு நடைபாலம் ஒன்று இம்முறையில் செய்யப்பட்டு, 2021 ஜூலையில் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

உடலுக்கு வெளியே: பயன் மிகுந்த இடம்

நோயாளியைத் தாங்கும் பொருள்களுக்கு இம்முறை நன்கு பொருந்தும். சக்கர நாற்காலியின் காலடிப் பலகையைப் பிடிக்கும் கொக்கி உடைந்துவிடுகிறது. அந்த மாதிரியின் உற்பத்தியோ நின்றுவிட்டது. போலியோவால் பாதிக்கப்பட்டவர் அணியும் காலிப்பரில் ஒரு தாங்கி தேய்ந்துபோகிறது. கட்டிலைச் சாய்க்கும் கைப்பிடி முறிகிறது. இத்தகைய சிறு பாகம் கிடைக்காததால் முழுப் பொருளே மூலைக்குப் போவதை நாம் காண்கிறோம். ஒரே ஒரு பாகத்துக்காக வார்ப்பு அச்சு செய்வது கட்டுப்படியாகாது. கணினி வரைபடத்திலிருந்து நேரே வளர்த்தெடுத்தால், ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஒன்றுக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இராது. செயற்கைக் கால் பட்டறைகளுக்குத் தேவையான உலோக அச்சுகளையும் இவ்வழியில் செய்ய இயலும்.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, மேற்பரப்பு. வெல்டிங் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் பக்கங்கள் அலையலையாக இருக்கும். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவருக்கும், தண்டுவடக் காயத்தால் கால் மரத்தவருக்கும் அந்தச் சொரசொரப்பு உறைக்காது. புண் ஆழமான பின்னரே தெரியவரும். தோலைத் தொடும் எந்தப் பகுதியையும் தேய்த்து மழுக்கி, மெத்தையிட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். முதல் சில நாள்கள் காலையும் மாலையும் தோலைப் பார்த்து வாருங்கள். சிவப்பு நீங்காதிருந்தால் அணிவதை நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

இரண்டாவது, துரு. கடற்காற்று வீசும் நம் நகரில் சாதாரண எஃகு விரைவில் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அலுமினியம். பல சக்கர நாற்காலிகளின் சட்டம் வெப்பப் பதம் பெற்ற அலுமினியக் கலவையால் ஆனது. அதன்மேல் நேரடியாகப் பற்றவைத்தால் அவ்விடம் பலம் இழக்கும். புதிய பாகத்தைத் தனியே செய்து போல்ட்டால் பொருத்துவதே நன்று. எதுவாயினும் இயன்முறை மருத்துவரிடமோ செயற்கை உறுப்புப் பிரிவிலோ காட்டிய பின்னரே நோயாளியை அமர்த்துங்கள்.

உடலுக்கு உள்ளே: பொறுமை வேண்டும்

நடமாடும் ஒருவரின் ஒவ்வொரு காலிலும் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் முறை சுமை ஏறி இறங்குகிறது. வெல்டிங்கில் அகப்பட்ட கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழி ஒன்றே போதும். அங்கிருந்து விரிசல் தொடங்கிவிடும். மேலும் உள்வைப்புகளுக்குப் பயன்படும் டைட்டானியம், சூடான நிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மையை அடைகிறது. திறந்த பட்டறையில் அதைக் காப்பது எளிதன்று.

ஆகவே உடலுக்குள் வைக்கும் அச்சுப் பாகங்களுக்கு வேறு வழி கையாளப்படுகிறது. மூடிய அறைக்குள், ஆர்கான் வாயுவின் காப்பில், மாவுபோன்ற உலோகத் தூளை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு கனத்துக்குப் பரப்பி லேசரால் உருக்குகிறார்கள். கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோயால் தாடையையும் கன்ன எலும்பையும் இழந்தவர்களுக்கு, சென்னை ஐஐடியின் உலோகவியல் துறையினரும் பல் மருத்துவர்கள் தொடங்கிய சென்னை நிறுவனம் ஒன்றும் இணைந்து, ஸ்கேன் படத்திலிருந்து அவரவர் முகத்துக்கு ஏற்ற டைட்டானிய உள்வைப்புகளை இம்முறையில் செய்தளித்தனர். முகத்தை இழந்தவர் மீண்டும் மென்று உண்ணவும் வெளியில் நடமாடவும் வழி செய்யும் இப்பணியில், உலோகத்தின் விலையைவிடச் சோதனைக்கே மதிப்பு அதிகம்.

உள்வைப்புகள் 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மருத்துவச் சாதன விதிகள், 2017இன் கீழ் வருகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன்னர் தயங்காமல் கேளுங்கள்: இது எந்த உலோகம்? உற்பத்தியாளர் உரிமம் பெற்றவரா? எனக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா? பின்னர், தொகுதி எண் உள்ள ஒட்டுச்சீட்டு உங்கள் சிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படம் எடுத்து வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைத் தொழிலாளர்களுக்கு

நம் வாசகர்களில் பலர் இத்தொழிலையே செய்பவர்கள். உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால், அது எத்தனை ஆண்டு முந்தியதாயினும், எம்ஆர்ஐ அறைக்குள் செல்லுமுன் தெரிவியுங்கள்; காந்தம் அதை இழுத்துப் பார்வையைக் கெடுக்கக்கூடும். எஃகால் செய்த ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் அந்த அறைக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் வெல்டிங் வேலைக்குத் திரும்ப வேண்டாம்.

மலிவான உலோக அச்சு நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. உடைந்த கொக்கிக்காக ஒருவர் படுக்கையிலேயே கிடக்க நேரும் நிலையை அது மாற்றும். உங்கள் சக்கர நாற்காலியிலோ காலிப்பரிலோ கிடைக்காத பாகம் எதுவும் இருப்பின், பழைய பாகத்தைத் தூக்கியெறியாதீர்கள். உடைந்த துண்டுகளையும் சேர்த்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். அளவெடுப்பதற்கு அவையே முதல் ஆதாரம்.