பத்து மணி நேரத்தில் நான்கு மணி நேரம்

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு இப்போது மெல்போர்னிலோ சிட்னியிலோ ஒரு பிள்ளையோ பெண்ணோ இருக்கிறார்கள். பேரன் பிறந்திருக்கிறான், மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அறுபது வயதுக்கு மேல் முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. டெல்லியிலிருந்து நேரடி விமானம் இருந்தாலும், கட்டணமோ தேதியோ ஒத்துவராமல் பலருக்கு சிங்கப்பூர் வழியாகத்தான் டிக்கெட் அமைகிறது.

"சாங்கியிலே பத்து மணி நேரம் சும்மா உட்காரணுமாம் சார். வெளியே போய் ஊரைப் பார்த்துட்டு வரலாமா?" சென்ற பொங்கல் விழாவில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். நானும் என் மனைவியும் இரண்டு முறை அப்படிப் போய்வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போகலாம். ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் பத்து மணி நேரம் முழுவதும் நம்முடையது அல்ல.

டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் தண்டவாளத்தோடு கழித்தவன் நான். தண்டவாளம் மாற்றவோ பழுது பார்க்கவோ எங்களுக்கு 'பிளாக்' கொடுப்பார்கள். அதாவது இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை அந்தப் பாதையில் ரயில் வராது, வேலை செய்துகொள்ளலாம். மூன்று மணி நேர பிளாக் என்றால் மூன்று மணி நேரமும் வேலை நடக்கும் என்று வெளியார் நினைப்பார்கள். ஆட்களையும் இயந்திரத்தையும் இடத்துக்குக் கொண்டுபோக அரை மணி, பாதுகாப்புக்குச் சிவப்புக் கொடி நட்டு ஆயத்தமாக ஒரு கால் மணி. முடிவில் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, பாதை சரி என்று எழுதிக்கொடுக்க இன்னும் முக்கால் மணி. கையில் நிற்பது ஒன்றரை மணி நேரம். ஆகவே நாங்கள் கணக்கை முன்னாலிருந்து போடுவதில்லை. பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுவோம். விமானம் மாறும் இடைவெளிக்கும் இதே கணக்குதான்.

ஓர் உதாரணம். காலை 7½ மணிக்கு சாங்கியில் இறங்குகிறீர்கள். அடுத்த விமானம் மாலை 5½ மணிக்கு. 5½ மணி விமானத்துக்கு 4½ மணிக்கெல்லாம் புறப்பாட்டு வாயில் அருகே இருந்துவிட வேண்டும். சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் பாதுகாப்புச் சோதனை அந்த வாயிலிலேயே நடக்கிறது. அங்கேயும் வரிசை உண்டு. அதற்கு முன் குடிநுழைவுச் சோதனை, வாயில்வரை நடை, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். ஆக 3½ மணிக்கு விமான நிலையத்துக்குள் கால் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து ரயிலில் வர ஒரு மணி நேரம். அதற்கு மேல், மழை பிடித்தால், வழி தவறினால் என்று அரை மணி கூடுதலாக வையுங்கள். பகல் 2 மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

இப்போது முன்பக்கம் பார்ப்போம். 7½ மணிக்கு இறங்கினால் விமானத்தை விட்டு வெளியே வந்து, நடந்து, குடிநுழைவு முடித்து ரயில் ஏற 9 மணி. ஊரில் இறங்க 10 மணி. பத்து முதல் இரண்டு வரை நான்கு மணி நேரம், அதுதான் நம்முடையது. வருவதற்கு இரண்டரை, போவதற்கு மூன்றரை என்று ஆறு மணி நேரத்தை எந்த இடைவெளியிலும் முதலிலேயே கழித்துவிடுங்கள். எட்டு மணி நேர இடைவெளியில் மிஞ்சுவது இரண்டு மணி. ஆறு மணி நேரத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. (குடிநுழைவு என்பது சிங்கப்பூர்த் தமிழில் இமிகிரேஷனுக்குப் பெயர். நல்ல சொல், நாமும் பழகிக்கொள்ளலாம்.)

ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி உள்ளவர்களுக்கு விமான நிலையமே இலவசச் சுற்றுலாப் பேருந்து விடுகிறது. சுமார் இரண்டரை மணி நேரம் ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நேரத்தைப் பற்றிய கவலை அவர்களுடையது என்பதால், ஆறேழு மணி நேரம் மட்டுமே உள்ளவர்களும் முதல் தடவை போகிறவர்களும் இதையே பிடித்துக்கொள்வது நல்லது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். நேரில் பதிவு செய்வதானால், நீங்களாகக் குடிநுழைவைத் தாண்டி வெளியே போய்விடாமல், உள்ளேயே இருக்கும் அவர்களுடைய மேசையை முதலில் தேடுங்கள்.

எந்த வழியில் வெளியே போனாலும் காகிதம் சரியாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு சிங்கப்பூருக்குள் நுழைய விசா தேவை. ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லத்தக்க விசாவோடு மூன்றாம் நாட்டுக்குப் போகும் வழியிலோ வரும் வழியிலோ இருப்பவர்களுக்கு 96 மணி நேரம்வரை விசா இல்லாமல் தங்கும் சலுகை உண்டு. உறுதியான அடுத்த டிக்கெட் கையில் இருக்க வேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் முடிவில் அதிகாரியின் விருப்பம். விசா எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் மாறக்கூடியவை. கிளம்பும் வாரத்தில் பிள்ளைகளை விட்டு சிங்கப்பூர் அரசின் குடிநுழைவு ஆணையத் தளத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அதே தளத்தில்தான் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளைக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்துடையது அல்ல. ஆஸ்திரேலிய விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவதில்லை; மின்னஞ்சலில்தான் வருகிறது. அதை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் இருக்கிறது என்று நம்பி, வரிசையின் முன்னால் நின்றுகொண்டு அதைத் தேடுவது நம் வயதுக்கு ஒத்துவராத வேலை.

காகிதத்துக்கு அடுத்தபடி டிக்கெட். டெல்லியிலிருந்து மெல்போர்ன்வரை ஒரே டிக்கெட்டா, சிங்கப்பூர்வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என இரண்டு டிக்கெட்டா என்று முதலில் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேரே மெல்போர்ன் போய்விடும். நாம் கைவீசி நடக்கலாம். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், இன்னொன்றில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் அப்படியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி விலை குறைவு என்று இரண்டாக வாங்கினார்கள். டெல்லிப் பனிமூட்டத்தில் முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். சிங்கப்பூரில் பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க ஓடுவதற்குள் கவுண்டர் மூடிவிட்டது. புது டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது மெல்போர்னில் இருந்த மகன். மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு போயிற்று. அந்த அம்மாள் அன்று இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாராம்.

ஒரே டிக்கெட் வைத்திருந்தாலும், ஊர் சுற்றப் போய் நாமே விமானத்தைத் தவறவிட்டால் கதை வேறு. பல நிறுவனங்களின் விதிப்படி, ஒரு பகுதிக்கு நாம் வந்து ஏறாவிட்டால் அதற்குப் பின்னுள்ள பகுதிகளும் ரத்தாகிவிடும். அதில் திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்தி. அந்தக் கூடுதல் அரை மணியை நான் விடாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

டிசம்பர், ஜனவரியில் கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் டிரைவருக்கு சிக்னல் தெரியாது என்று தண்டவாளத்தில் வெடி வைத்துச் சத்தத்தால் எச்சரித்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. பனி யாருக்கும் தயவு காட்டாது. டெல்லியில் மூன்று மணி நேரம் தாமதமானால் நம் நான்கு மணி நேரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். விமானம் தரையைத் தொட்டதும் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். மீதம் இரண்டு மணிக்குக் குறைந்தால் ஊர் ஆசையை விட்டுவிடலாம். 3-ஆம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. அதற்கு விசா வேண்டாம். 2019-இல் திறந்த ஜூவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்கு நீர்வீழ்ச்சியும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது.

இனி ரயில். என் மனைவிக்கு இந்தப் பகுதியில் நான் நீட்டி முழக்குவேன் என்று பயம். விமான நிலைய ரயில் நிலையம் 2, 3 முனையங்களுக்கு இடையில் இருக்கிறது, 2002-இல் திறந்தது. அங்கே ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். தானா மேரா வழியாகவும் போகலாம். ஆனால் லிட்டில் இந்தியா போவதற்கு இரண்டு மாற்றம் ஆகும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரு மாற்றமே போதும். டவுன்டவுன் பாதை சுமார் 42 கிலோமீட்டர், முழுவதும் நிலத்தடி, ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியில் முன்கண்ணாடி அருகே நின்று சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் ஒரு ஐந்து வயதுப் பையனும் நின்றான். எங்கள் இருவரில் யாருக்கு ஆர்வம் அதிகம் என்று என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

டிக்கெட் வாங்க நிற்க வேண்டியதில்லை. தொடுமுறை வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் காட்டினால் போதும். ஆனால் நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமாகத் திறந்து வைத்தால்தான் அது அங்கே வேலை செய்யும். டெல்லியிலேயே செய்துவிடுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இருவர் போக முடியாது.

எங்கே இறங்குவது? இந்த ஒரே பாதையில் சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ், லிட்டில் இந்தியா எல்லாம் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் பார்க்கத் தோன்றும். வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஓரிடம், மிஞ்சினால் இரண்டு. சைனாடவுனில் இறங்கினால் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் நிறுவிய மாரியம்மன் கோயில்; சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுதான். பேஃபிரண்டில் இறங்கினால் மூன்று கோபுரத்தின் மேல் கப்பல் வைத்தாற்போன்ற அந்தக் கட்டடமும் கடலோரத் தோட்டமும். இளையவர்கள் அங்கே போகட்டும்.

எங்கள் ஓட்டு லிட்டில் இந்தியாவுக்குத்தான். "தமிழ்க் கடைத்தெருவைப் பார்க்கவா சிங்கப்பூர் போவது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. டெல்லியில் நாற்பது வருடம் இருந்தவர்கள், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் இன்னொரு நாட்டில் கால் வைத்துப் பார்க்க வேண்டும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே தேக்கா சந்தை: கீழே மீனும் காய்கறியும், வாழையிலையும். சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து நடக்கும் கோமள விலாஸில் சாப்பாடு. அதற்குச் சற்றுத் தள்ளி வீரமாகாளியம்மன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே கோயில் முதலில், சாப்பாடு பிறகு. நாங்கள் முதல் முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுமான வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் விடுமுறை நாளில் அங்கேதான் கூடுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், "டெல்லிங்களா? அங்கே நம்ம ஆளுங்க இருக்காங்களா ஐயா?" என்று கேட்டான். நம் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். "பரவாயில்லைங்களே" என்று சிரித்து, என் மனைவியிடம் "அம்மா, அந்தப் பக்கம் நிழலா இருக்கு, அப்படி நடங்க" என்று சாலையைக் கடத்திவிட்டான்.

நிழல் விஷயம் உண்மையிலேயே முக்கியம். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள ஊர். சென்னை ஆகஸ்டு மாதத்தின் புழுக்கம் வருடம் முழுவதும். திடீர் மழை வரும், குடை அவசியம். கால் வலித்தால் திரும்ப டாக்ஸி எடுங்கள். நெரிசல் இல்லாவிட்டால் அரை மணியில் வந்துவிடலாம். கைக்கடிகாரத்தை இறங்கியவுடன் இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவையுங்கள். தொலைபேசி தானே மாறிக்கொள்ளும், கடிகாரம் மாறாது.

பையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சூயிங்கம் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாயில் போடும் புகையிலையும் ஜர்தாவும் அங்கே தடை. கசகசாவும் தடை என்பது பலருக்குத் தெரியாது. மருமகளுக்கென்று குருமாப் பொடி அரைத்து எடுத்துப் போகிறவர்கள் கவனிக்கவும். ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளானாலும் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் அபராதம் பெரிது. தேக்காவில் ஊறுகாயோ எண்ணெயோ வாங்கிக் கைப்பையில் வைத்தால், வாயிலில் நூறு மில்லிக்கு மேல் எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலும் அங்கே காலியாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பும் பயணத்திலும் இதே சலுகை உண்டு. ஆனால் விசா அப்போதும் நிபந்தனைக்கு உட்பட்டு இருக்கிறதா என்று மெல்போர்னிலேயே பார்த்துவிடுங்கள். அந்த வழியில் இடைவெளி பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ விழும். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகிறது. நாங்கள் இரண்டு முறையும் திரும்பும்போது வெளியே போகவில்லை. பேரனை விட்டுவிட்டு வந்த அன்று, ஊர் பார்க்கும் மனநிலையில் என் மனைவி இல்லை.