கரண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்!

ஆடி கடைசி வெள்ளி என்றால் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் நம் வழக்கம்தான். கோயிலில் பிரசாதமாக வாங்கிக் குடிக்கிற பிள்ளை, வீட்டில் அதே கம்மங்கூழை நீட்டினால் முகம் சுளிக்கிறது. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்கும் சாத்தூர் சேவுக்கும் மட்டும் 'வேண்டாம்' என்ற பேச்சே கிடையாது!

விருதுநகரில் பிறந்த காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வீட்டின் பொறுப்பு. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பல வீடுகளில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்கு அம்மாவும் அப்பாவும் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை டீயும் பிஸ்கட்டுமாகப் பள்ளிக்கு ஓடுகிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

'சத்தானது, சாப்பிடு' என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. தானே சமைத்ததை ருசி பார்க்காமலும் இருக்காது. ஜப்பானில் உணவுக் கல்விக்கென்றே 2005-ல் சட்டம் போட்டார்கள். நமக்கு நம் அடுப்படி போதும்.

எப்படித் தொடங்கலாம்?

முதல் வாரம் அடுப்பே வேண்டாம். சாத்தூர் வெள்ளரிக்காய், வெங்காயம், தக்காளி, முளைகட்டிய பாசிப்பயறு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பிள்ளையே நறுக்கிக் கலக்கட்டும். கத்தி பிடிக்கவும் பழகிவிடும்.

அடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று அடுப்பைப் பழக்குங்கள். இரண்டு பங்கு கம்பு, ஒரு பங்கு இட்லி அரிசி, அரைப் பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்தால் மொறுமொறு தோசை. கேரட் துருவலைத் தூவுவதா, பொடி தடவுவதா என்பது பிள்ளையின் இஷ்டம்.

பிறகு குதிரைவாலியில் காய்கறி போட்டு 'ஃப்ரைடு ரைஸ்', முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எலும்பு வளரும் வயதுக்கு இது பெரிய பலம். கூடவே நெல்லிக்காய்த் துவையல் இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடைபடும்.

ஒன்றை மறக்காதீர்கள். மகளுக்கு மட்டும் கரண்டியைக் கொடுத்துவிட்டு மகன் கையில் செல்போனைக் கொடுக்க வேண்டாம். பசி இருவருக்கும் ஒன்றுதான். உப்பு கூடினாலும் தோசை கருகினாலும் திட்டாமல் சாப்பிடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பிள்ளையை அழைத்துக் கம்பை ஊறவைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை உங்களுக்கு முதல் தோசையைச் சுட்டுத் தருவது அந்தப் பிள்ளையாக இருக்கட்டும்!