வாடிய செடிக்கு 7 சென்டிமீட்டர் உயரமா?

எட்டுத் தொட்டிகளில் பச்சைப்பயறு விதைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தொட்டிகளுக்கு இயற்கை உரம். மற்ற நான்கிற்கு வெறும் தண்ணீர். சில நாள்கள் கழித்து அளவுகோலோடு போய் உயரத்தை அளக்கிறீர்கள். உரமிட்ட செடிகள் 10, 11, 12, 10 செ.மீ. வளர்ந்திருக்கின்றன. உரமிடாதவற்றில் மூன்று செடிகள் 8, 9, 7 செ.மீ. நான்காவது பிழைக்கவில்லை. அதனால் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் மட்டும் எண்ணுக்குப் பதிலாக 'வாடியது' என்று தட்டச்சு செய்துவிடுகிறீர்கள்.

உரமிட்ட செடிகள்தாம் உயரம் என்பது பார்த்தாலே தெரிகிறது. அவற்றின் சராசரி 10.75 செ.மீ. உரமிடாத மூன்றின் சராசரி 8 செ.மீ. இனி இதே அட்டவணையை 'ஆர்' என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பு ஒன்றில் ஏற்றி, உயரங்களை எண்ணாக மாற்றச் சொல்லிச் சராசரி கேளுங்கள். உரமிட்டவற்றுக்கு 1.75, உரமிடாதவற்றுக்கு 5.5 என்று விடை வரும். உரம் போட்டதால் செடி குட்டையாகிவிட்டது என்று ஆய்வறிக்கையில் எழுத வேண்டியதுதான்! அதைவிட வேடிக்கை, வாடிப்போன செடிக்குக் கணினி 7 என்று மதிப்புக் கொடுத்திருக்கும். எட்டுச் செடிகளிலும் அதுதான் மிக உயரமானது.

கணினி கெட்டுப்போகவில்லை. சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. பிறகு எங்கே இடறியது?

முதலில் ஆர் மொழியைப் பற்றி இரண்டு வரி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இருவர் பெயரின் ஆங்கில முதலெழுத்தும் 'ஆர்' என்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் பிறந்த 'எஸ்' என்ற மொழிதான் இதற்கு முன்மாதிரி. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மருத்துவம், வானிலை, பொருளாதாரம், உயிரியல் என்று எண்களோடு மல்லுக்கட்டும் துறைகள் பலவற்றில் இது புழங்குகிறது. அதனால்தான் இதில் ஏற்படும் ஒரு சின்னக் குழப்பமும் சின்ன விஷயமாக நின்றுவிடுவதில்லை.

கணினிக்கு 10 என்ற எண்ணும் '10' என்ற எழுத்தும் ஒன்றல்ல. எண்ணாக இருந்தால் கூட்டலாம், வகுக்கலாம். எழுத்தாக இருந்தால் அது வெறும் '1', '0' என்ற இரண்டு குறிகள். பேருந்தின் முகப்பில் 10 என்று எழுதியிருக்கிறதே, அதை 12-ஆம் எண் பேருந்தோடு கூட்டி 22 என்று யாராவது சொல்வார்களா? அதுபோலத்தான்.

ஆர் மொழியில் ஒரு வரிசைக்குள் இருப்பவை எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். எண்களுக்கு நடுவே ஒரேயொரு சொல் நுழைந்தாலும் மொத்த வரிசையும் எழுத்தாக மாறிவிடும். சொல்லை எண்ணாக்க முடியாது, எண்ணை எழுத்தாக்க முடியும் அல்லவா? அதனால் எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு ஆர் இறங்கி வருகிறது. இப்படித் தானாக நடப்பதை வகைமாற்றம் என்பார்கள். சில நேரங்களில் இது நல்ல உதவி. 'உண்மை' என்ற விடையை 1 என்றும் 'பொய்' என்ற விடையை 0 என்றும் ஆர் மாற்றிக்கொள்ளும். எனவே 9 செ.மீ.-க்கு மேல் எத்தனை செடிகள் என்று கேட்க, விடைகளைக் கூட்டினாலே போதும்.

ஆனால் எழுத்தாக மாறியபின் ஒப்பிடச் சொன்னால் விபரீதம்தான். எண் 10-ஐயும் எழுத்து '9'-ஐயும் கொடுத்து எது சிறியது என்று கேட்டால், 10-தான் சிறியது என்று ஆர் சொல்லும். இரண்டையும் எழுத்தாக்கி அகராதியில் அடுக்குவதுபோல் அடுக்குகிறது. முதல் குறி '1' என்பது '9'-க்கு முன்னால் வருகிறது. அதோடு கதை முடிந்தது. உங்கள் கணினியில் படம்1, படம்10, படம்2 என்று கோப்புகள் குளறுபடியாக நிற்பதைப் பார்த்திருந்தால் இது புதிதாகத் தோன்றாது.

இப்போது கதையின் முக்கியப் பாத்திரத்துக்கு வருவோம். ஆர் மொழியில் 'ஃபேக்டர்' என்று ஒரு வகை உண்டு. (கணிதப் பாடத்தில் வரும் காரணி வேறு, இது வேறு. பெயர்தான் ஒன்று.) பள்ளி விளையாட்டுப் போட்டியில் 400 மாணவர்கள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு இல்லங்களில் இருக்கிறார்கள். 400 முறையும் இல்லத்தின் பெயரை முழுதாக எழுதாமல், பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, சிவப்பு 1, நீலம் 2, பச்சை 3, மஞ்சள் 4 என்று ஒரு குறிப்புச் சீட்டு வைத்துக்கொண்டு, மாணவர் பெயருக்கு எதிரே எண்ணை மட்டும் எழுதினால் வேலை எளிது. ஃபேக்டர் செய்வது இதைத்தான். உள்ளே 1, 2, 3 என்ற குறியெண்கள்; வெளியே காட்டும்போது பெயர்கள். இரத்தப் பிரிவு, மாநிலம், ஆண் பெண் போன்ற பிரிவுகளை ஆராயப் புள்ளியியலாளருக்கு இது மிகவும் வசதியானது. என்னைக் கேட்டால் அழகான ஏற்பாடுதான்.

ஆனால் செடிகளின் உயரம் பிரிவு அல்லவே! அங்கேதான் சிக்கல். 'வாடியது' என்ற ஒரு சொல்லால் உயர நெடுவரிசை முழுதும் எழுத்தாகிவிட்டது. பழைய ஆர் பதிப்புகள் கோப்பைப் படிக்கும்போது எழுத்து நெடுவரிசைகளைக் கேட்காமலே ஃபேக்டராக்கிவிடும். குறிப்புச் சீட்டு அகராதி வரிசையில் எழுதப்படும் அல்லவா? அப்போது '10' முதலில் வரும், அதற்குக் குறியெண் 1. '11'-க்கு 2, '12'-க்கு 3. அதன் பிறகுதான் '7' வருகிறது, குறியெண் 4. '8'-க்கு 5, '9'-க்கு 6. எழுத்தில் தொடங்கும் 'வாடியது' கடைசி, அதற்கு 7.

இந்த நிலையில் நேராகச் சராசரி கேட்டால் ஆர் மறுக்கும். இது எண் அல்ல என்று எச்சரித்து, விடை இல்லை என்று சொல்லிவிடும். நல்ல பிள்ளை! சரி, எண்ணாக மாற்றினால் போயிற்று என்று நினைத்து 'ஆஸ்.நியூமெரிக்' என்ற கட்டளையை நாம் கொடுக்கிறோம். அது உயரத்தைத் தருவதில்லை, குறியெண்ணைத் தருகிறது. உரமிட்ட 10, 11, 12, 10 என்பவை 1, 2, 3, 1 ஆகின்றன, சராசரி 1.75. உரமிடாதவை 5, 6, 4, 7 ஆகின்றன, சராசரி 5.5. இம்முறை எச்சரிக்கை எதுவும் இல்லை. ஃபேக்டருக்குள் இருப்பவை உண்மையிலேயே எண்கள்தாம் என்பதால், மாற்றம் வெற்றிகரமாக முடிந்துவிட்டதாகவே கணினி கருதுகிறது. எச்சரிக்கையைப் பார்த்து நாம் செய்த திருத்தமே எச்சரிக்கையை வாயடைத்துவிட்டது.

எட்டுச் செடி என்பதால் கண்டுபிடித்துவிட்டோம். எட்டாயிரம் நோயாளிகளின் இரத்த அளவு என்றால்? 1.75, 5.5 இரண்டும் செடியின் உயரமாக இருக்கக்கூடிய எண்களே. அதுதான் அபாயம். இலட்சக்கணக்கில் ஏதாவது வந்திருந்தால் உடனே உஷாராகியிருப்போம்.

ஆரை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஃபேக்டரை நேராக எண்ணாக்குவது பொருளற்றது என்று மொழியின் உதவிப் பக்கமே சொல்கிறது. அதிகாரபூர்வக் கேள்வி பதில் தொகுப்பிலும் இதற்கென்று தனிக் கேள்வி இருக்கிறது. பலர் இடறி விழுந்த பள்ளம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கடைசியில் 2020 ஏப்ரலில் வெளிவந்த 4.0.0 பதிப்பில், எழுத்தைத் தானாக ஃபேக்டராக்கும் வழக்கத்தையே நிறுத்தினார்கள். அப்படியும் பள்ளம் முழுதாக மூடவில்லை. நாமே ஃபேக்டராக்கிய ஒன்றை எண்ணாக்கினால் இன்றும் குறியெண்தான் வரும். பழைய நிரல்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேட்காமலே வகையை மாற்றும் பழக்கம் ஆர் மொழிக்கு மட்டும் உரியதல்ல. மனித மரபணுக்களில் ஒன்றுக்கு 'மார்ச்1' என்று பெயர் இருந்தது. எக்செல் மென்பொருளில் அந்தப் பெயரைத் தட்டினால் மார்ச் 1-ஆம் தேதி என்று அது மாற்றிவிடும். மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் இறங்கி வருவதாக அப்போது தெரியவில்லை. எனவே மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அனைத்துலகக் குழு, அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றி 2020-இல் அறிவித்தது. மார்ச்1 இப்போது 'மார்ச்எஃப்1'.

நம் செடிகளுக்குத் திரும்புவோம். சரியான வழி இரண்டு படிகள் கொண்டது. முதலில் 'ஆஸ்.கேரக்டர்' கட்டளையால் ஃபேக்டரை எழுத்தாக்குங்கள். குறியெண்கள் மறைந்து '10', '11' என்ற பழைய முகங்கள் திரும்பும். பிறகு அதை 'ஆஸ்.நியூமெரிக்' கொண்டு எண்ணாக்குங்கள். 'வாடியது' என்ற இடத்தில் 'என்.ஏ.', அதாவது மதிப்பு இல்லை என்று வரும். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும். அதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டும்.

வாடிய செடியை விட்டுவிட்டால் உரமிடாதவற்றின் சராசரி 8. அதன் உயரம் 0 என்று கொண்டால் சராசரி 6. எது சரி? வளர்ச்சியை அளக்கிறீர்களா, பிழைக்கும் திறனையும் சேர்த்து அளக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது அது. அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

போகுமுன் ஒரு கணக்கு. 5, 40, 300 என்ற மூன்றும் எழுத்தாகி, பிறகு ஃபேக்டராகிவிட்டன. நேராக எண்ணாக்கினால் என்ன வரும்? தாளில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்கள்.

விடை: 3, 2, 1.