திண்ணைத் தூக்கமும் தளர்ந்த நடையும்

தஞ்சாவூர்ப் பக்கம் மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் தலை சாய்ப்பதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை. அதனால்தான் காலை பத்து மணிக்கே பெரியவர் நாற்காலியில் தூங்கி விழுவதும் கண்ணில் படுவதில்லை. போன குறுவைக்கு வரப்பில் விறுவிறுவென்று போனவர் இந்தச் சம்பாவில் கால் தேடித் தேடி வைக்கிறார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள்.

2024 நவம்பரில் 'நியூராலஜி' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சராசரி வயது 76 உள்ள, மறதிநோய் இல்லாத 445 பேரைப் பற்றியது. பகலில் மிகையான தூக்கமும் எதிலும் ஊக்கமின்மையும் இருந்தவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு நடை மந்தமாகி, நினைவிலும் குறை தெரிந்தது. அவை இல்லாதவர்களில் இது 6.7 சதவீதம். மந்த நடையும் நினைவுக் குறையும் சேர்ந்த இந்த நிலை பின்னாளில் மறதிநோயாக மாறும் வாய்ப்பு அதிகம். தூக்கம்தான் நடையைக் கெடுத்தது என்று ஆய்வு சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே தெரியும் அடையாளமாக அதைக் கொள்ளலாம்.

நடையைச் சோதிக்கக் கருவி வேண்டாம். களத்தில் நாலு மீட்டர் அளந்து கோடு போட்டு, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து நொடிக்கு மேல் ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி அது.

முதலில் பார்க்க வேண்டியது மாத்திரைப் பையை. சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், பிரிகாபலின்: ஒவ்வொன்றும் பகலிலும் மயக்கும், காலையும் தள்ளாட வைக்கும். மூன்று மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளை ஒருவரே சேர்த்துப் பார்ப்பது நம் ஊரில் அபூர்வம். ஆனால் தூக்க மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இரத்தசோகை, தைராய்டு குறைவு, குறட்டையோடு மூச்சு தடைபடுதல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

நெல் விளையும் ஊருக்கென்று ஒன்று உண்டு. முதியவர்கள் சிலருக்கு வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கிவிடும். தூங்கி எழுந்து கொல்லைப்பக்கம் போகும்போது விழுவது இதனாலும்தான். சோற்றைக் குறைத்துப் பிரித்துச் சாப்பிடுவதும், எழுந்ததும் சற்று உட்கார்ந்திருந்து நடப்பதும் உதவும்.

தூக்கம் ஓரிரு நாளில் கூடி, பேச்சும் குழறினால் காத்திருக்கக் கூடாது. சர்க்கரையோ சோடியமோ சரிந்திருக்கலாம். சில வாரம் முன்பு நிலைப்படியில் லேசாக இடித்துக்கொண்ட தலைக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். அன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பழைய இடியைப் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.