ஆலோசகர் அறைக் கதவைத் தட்டுங்கள்

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று பெற்றோர் பலர் நினைக்கின்றனர். உண்மையில், பிள்ளைக்கு வழிகாட்டல் அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

பள்ளியில் கால அட்டவணையை ஆசிரியரே கொடுத்துவிடுவார். பல்கலைக்கழகத்தில் மாணவரே பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். மலேசியாவில் இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, சொந்தப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. ஒரே தவணையில் 20 கிரெடிட் பதிந்தால் 800 மணி நேரம்! பகுதி நேர வேலையும் பார்க்கும் மாணவர் இதைத் தாங்குவாரா?

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பாடங்களைப் படிக்க, அதற்கு முந்திய பாடத்தில் தேறியிருக்க வேண்டும். அது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தப்படும் பாடமாக இருந்தால், தவறவிட்டவரின் பட்டமளிப்பு ஓராண்டு தள்ளிப்போகலாம். அந்தச் செலவு யார் தலையில் விழும்?

இதைத் தவிர்க்கத்தான் கல்வி ஆலோசகர் இருக்கிறார். பெரும்பாலும் துறை விரிவுரையாளர் ஒருவரே இப்பொறுப்பை ஏற்கிறார். ஆனால், கையெழுத்து வாங்கும் நாளில் மட்டுமே அவரைத் தேடிப் போகும் மாணவர்கள் உண்டு.

ஆலோசனையில் இரு வகை உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் 1972-இல் எழுதினார். மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் விதியைச் சொல்லி அனுப்புவது ஒன்று. மாணவரின் இலக்கை அவரோடு சேர்ந்தே சிந்திப்பது மற்றொன்று. இரண்டாவது வகை ஆலோசனையும் கற்பித்தலே என்பது அவர் கருத்து. நம்மைப் பெயர் சொல்லி அழைத்து விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவு, பெரிய கட்டடங்களால் மட்டும் வந்துவிடாது.

தேர்ச்சிப் புள்ளி 2.00-க்குக் கீழே இறங்கினால், பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கண்காணிப்பு நிலையில் வைக்கப்படுவார். பிடிபிடிஎன் கடனுதவியும் தடைபடலாம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கும் பிள்ளைகள் ஆலோசகரிடமாவது பேசலாம். பாடச்சுமையைக் குறைப்பதா, பாடத்தை மீண்டும் எடுப்பதா, துறை மாறுவதா என்பதை அவரோடு கலந்து முடிவெடுக்கலாம். காலம் கடந்துவிட்டால் இந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

மாணவர்களே, பாடப் பதிவுக்கு முன்பே தேர்ச்சி அறிக்கையோடு அவரைச் சந்தியுங்கள். பெற்றோர்களே, “எத்தனை புள்ளி?” என்று கேட்பதற்கு முன், “ஆலோசகரைப் பார்த்தாயா?” என்று கேளுங்கள். பிள்ளை மனம் திறக்க அந்த ஒரு கேள்வி போதும்.