சர்வர் வாங்கினால் மட்டும் போதுமா?

ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஓர் அலுவலகத்துக்குச் சர்வர் வேண்டுமென்றால், கொட்டேஷன் கீழே இருந்துதான் வர வேண்டும். திருப்பத்தூரிலோ வேலூரிலோ இருக்கும் டீலர் அனுப்பும் தாளில் இயந்திரத்தின் விலை இருக்கும், விண்டோஸ் சர்வரின் விலை இருக்கும். மூன்றாவதாக இன்னொரு வரியும் இருக்க வேண்டும்: யூசர் கேல் அல்லது டிவைஸ் கேல், இத்தனை எண்ணம். பட்ஜெட் இடித்தால் முதலில் அடிபடுவது இந்த வரிதான். அதை அடித்த பிறகும் சர்வர் ஒழுங்காக ஓடும் என்பதால், அடித்தது தவறென்று யாருக்கும் உறைப்பதில்லை.

கேல் என்பது 'கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ்' என்பதன் சுருக்கம். மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் மென்பொருளுக்கு இரண்டு இடத்தில் காசு வாங்குகிறது. சர்வரில் நிறுவுவதற்கு ஓர் உரிமம். அது பிராசசரில் உள்ள கோர்களின் கணக்கு, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். அந்தச் சர்வரில் லாகின் செய்ய, ஃபைல் எடுக்க, பிரின்ட் கொடுக்க வருபவர்களுக்கு வேறு உரிமம். இந்த இரண்டாவது உரிமத்துக்கு சிடி கிடையாது, கணினியில் நிறுவ எதுவும் கிடையாது. அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கராகவோ மின்னஞ்சலில் வந்த சான்றாகவோ அது ஃபைலில் கிடக்கும். பத்துப் பேருக்கு வாங்கிவிட்டு முப்பது பேர் பயன்படுத்தினாலும் சர்வர் யாரையும் தடுக்காது. எண்ணிப் பார்க்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வாங்கியவருடையது.

யூசர் கேல் மாணவருக்குக் கொடுக்கும் பஸ் பாஸ் மாதிரி, ஆளோடு போகும். அந்த ஒருவர் மேசைக் கணினி, லேப்டாப், கைபேசி என்று எதிலிருந்து சர்வரைத் தொட்டாலும் ஓர் உரிமம் போதும். டிவைஸ் கேல் கருவிக்கு உரியது. அந்தக் கணினியில் காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என்று எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று சொந்தமாகச் சர்வர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். பிரசவ அறை, மருந்தகம், ஆய்வகம், புறநோயாளிச் சீட்டுப் பதிவு என்று நாலு கணினிகள். செவிலியர்கள் ஷிப்டில் மாறி மாறி வருகிறார்கள். மருத்துவர்கள், மருந்தாளுநர், மற்றவர்கள் என்று சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆள் கணக்கில் போனால் 12 உரிமம், கருவிக் கணக்கில் போனால் 4. அதே மலையில் கிராமம் கிராமமாகச் சுற்றும் ஓர் அலுவலருக்கு டேப்லெட் ஒன்று, லேப்டாப் ஒன்று, அலுவலகக் கணினி ஒன்று இருக்கும். அவருக்குக் கருவிக் கணக்கில் 3, ஆள் கணக்கில் 1. ஷிப்டில் வேலை நடக்கும் இடத்துக்கு டிவைஸ் கேல், கருவியைத் தூக்கிக்கொண்டு அலைபவருக்கு யூசர் கேல் என்று பிரித்தாலே பாதிச் செலவு தெளிந்துவிடும். யோசிக்காமல் எல்லாருக்கும் யூசர் கேல் போடுவதால் சின்ன அலுவலகங்களின் பணம்தான் வீணாகிறது.

கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. 2019 பதிப்புக்கு வாங்கிய கேல் 2022 சர்வருக்குச் செல்லாது. புதிய கேல் பழைய சர்வருக்குச் செல்லும். மலையடிவாரத்தில் இருந்துகொண்டே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்ய ரிமோட் டெஸ்க்டாப் சேவை வேண்டுமென்றால், அதற்கு ஆர்டிஎஸ் கேல் என்று தனியாக இன்னொன்று வாங்க வேண்டும். இதில் மட்டும் சர்வரே கண்டிப்பு காட்டும்: 120 நாள் சலுகைக்காலம் முடிந்ததும் இணைப்பை மறுக்கத் தொடங்கும். முப்பது பேரின் வேலையை நடுவில் ஒரு மென்பொருள் வழியாக ஒரே லாகினில் அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேல் போதும் என்று வாதிட முடியாது. கடைசியில் பயன் பெறும் ஆளையோ கருவியையோதான் எண்ண வேண்டும் என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்கிறது. பெருநிறுவன ஒப்பந்தங்களில் தணிக்கை விதியும் உண்டு: பற்றாக்குறை 5 சதவீதத்தைத் தொட்டால் தணிக்கைச் செலவையும் ஏற்று, குறைந்த உரிமங்களை 125 சதவீத விலையில் வாங்க வேண்டும்.

சின்ன அலுவலகத்துக்கு ஒரு நல்ல செய்தி, விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ். 25 பயனர், 50 கருவி வரை கேலே தேவையில்லை. சர்வர் இயந்திரத்தோடு சேர்த்து விற்கப்படுவது என்பதால், டீலரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். புதூர்நாடு அளவுள்ள ஊரின் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே தாராளம்.

வேறு வழியும் உண்டு. 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றினார். அரசு நிறுவனம் ஒன்று உரிமக் கட்டணத்தைக் கேள்வி கேட்ட துணிச்சலான முயற்சி அது. ஃபைல் சர்வர் மட்டும் போதும் என்பவர்களுக்கு, ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992-ல் தொடங்கிய சாம்பா மென்பொருள் இன்றும் இருக்கிறது. விண்டோஸ் கணினிகளுக்கு லினக்ஸ் இயந்திரத்திலிருந்து ஃபைல் கொடுக்கும். தலை எண்ணும் வேலையே இல்லை. ஆனால் பழுது வந்தால் பார்க்க, லினக்ஸ் தெரிந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். மலைமேல் அதுதான் பெரிய செலவு.

பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்களில் நிலைமை வேறு. மத்திய அரசு 2022 ஜூனில் ₹2,516 கோடியில் ஒப்புதல் அளித்த கணினிமயத் திட்டம், லேம்ப் சங்கங்கள் உட்பட, நாட்டில் இயங்கிவந்த சுமார் 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் குறி வைத்தது. அதில் மென்பொருள் கிளவுடில் இருப்பதால், சங்கத்துக்குள் சர்வரும் இல்லை, அதற்கான கேலும் இல்லை. அந்தத் தலைவலி, திட்டத்தைச் செயல்படுத்தும் நபார்டு வங்கி அளவிலேயே தீர்க்கப்பட்டுவிடுகிறது. சங்கத்தின் பங்குக்கு, இணைய இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும்.

சொந்தச் சர்வர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், டீலரைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள்: சர்வரைத் தொடப்போகும் ஆட்கள் எத்தனை, கருவிகள் எத்தனை. எந்தக் கேல், எந்தப் பதிப்பு, எத்தனை என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். வந்த பில்லையும் சான்றையும் சர்வர் ஓடும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.