சஸ்பென்ஷன் உயர்த்தல்

சஸ்பென்ஷன் உயர்த்தல் என்பது ஒரு வண்டியின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றி, சக்கரங்களுக்கு மேல் வண்டியின் உடற்பகுதி நிற்கும் உயரத்தைக் கூட்டும் வேலையாகும். கரடுமுரடான பாதைகளில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. 40 முதல் 50 மிமீ வரையிலான உயர்வு பொதுவாக மிதமான உயர்வு எனப்படும்.

குடும்பப் பயணத்துக்கும் மண்பாதைக்கும் ஒரே வண்டியைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் இந்த அளவோடு நிறுத்திக்கொள்கின்றனர். வண்டி ஒன்றின் சஸ்பென்ஷன் குறிப்பிட்ட உயரத்துக்கும் எடைக்கும் ஏற்பவே வடிவமைக்கப்படுகிறது. உயரம் மாறும்போது திசைமாற்றி, அச்சு, பிரேக் குழாய், முகப்பு விளக்கு என மற்றவையும் தம் நிலையிலிருந்து விலகுகின்றன. 50 மிமீ வரையிலான விலகலைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதற்கு மேல் செல்லச் செல்லச் செலவும் ஆபத்தும் கூடுகின்றன.

இக்கட்டுரை 2009 இல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோ 150 வரிசை வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் குடும்பங்கள் நெடுந்தொலைவுப் பயணத்துக்கு விரும்பி வாங்கிய வண்டிகளுள் இதுவும் ஒன்று.

வண்டியின் அமைப்பு

பிராடோ 150 தனிச் சட்டகத்தின் மேல் உடற்பகுதி பொருத்தப்பட்ட வண்டி. முன்புறத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும். மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்னும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்குகின்றன. சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த ஸ்ட்ரட், சட்டகத்துக்கும் கீழ் ஆர்முக்கும் இடையே நிற்கிறது.

பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே திண்ம அச்சு உள்ளது. நான்கு இணைப்புத் தண்டுகள் அதை முன்பின்னாக நிலைநிறுத்துகின்றன. பன்ஹார்டு தண்டு எனப்படும் குறுக்குத் தண்டு அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது. இங்கே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருக்கும்.

சில உயர் ரகங்களில் பின்புறம் காற்று ஸ்பிரிங்கும், சாய்வைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராலிக் அமைப்பும் உண்டு. அவற்றுக்குச் சாதாரண உயர்த்தும் தொகுப்பு பொருந்தாது. ஆகவே வண்டி எந்த ரகம் என்பதை உறுதிசெய்த பிறகே பாகங்களை வாங்க வேண்டும்.

உயரம் கூடுவது எங்கே?

சஸ்பென்ஷனை உயர்த்தினால் உடற்பகுதி, சட்டகம், எரிபொருள் தொட்டி, படிக்கட்டு ஆகியவை மேலே செல்கின்றன. பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை மேலே செல்வதில்லை. அது சக்கரங்களோடு இணைந்திருப்பதால், அதன் தரை இடைவெளியைக் கூட்டுவது பெரிய டயர் மட்டுமே. 265/65 ஆர்17 அளவுள்ள டயரின் விட்டம் சுமார் 776 மிமீ. 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மிமீ. இந்த மாற்றத்தால் அச்சு உயர்வது விட்ட வேறுபாட்டில் பாதி, அதாவது ஏறத்தாழ 13 மிமீ.

சஸ்பென்ஷன் உயர்வின் உண்மையான பயன் கோணங்களில் தெரியும். மேடு ஒன்றின் உச்சியைக் கடக்கும்போது வண்டியின் வயிறு தட்டுமா என்பதைச் சக்கர இடைத்தொலைவும் நடுப்பகுதியின் உயரமும் தீர்மானிக்கின்றன. ஐந்து கதவு பிராடோவின் சக்கர இடைத்தொலைவு 2790 மிமீ. நடுப்பகுதி 50 மிமீ உயர்ந்தால் கடக்கும் கோணம் சுமார் 4 பாகை கூடும். பள்ளத்தில் இறங்கும்போது முன் பம்பரும், ஏறும்போது பின் பம்பரும் தட்டுவதும் குறையும்.

எடையே ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கிறது

ஒரு ஸ்பிரிங் எவ்வளவு உயரம் தரும் என்பது அதன்மீது எவ்வளவு எடை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்புப் பாதுகாப்புக் கம்பி, வின்ச், கூடுதல் பேட்டரி ஆகியவை முன்புறத்தை அழுத்தும். ஏழு பேர், தண்ணீர்க் கலன், கூடாரம், குளிர்பெட்டி ஆகியவை பின்புறத்தை அழுத்தும். உற்பத்தியாளர்கள் ஒரே உயரத்துக்குப் பல கடினத்தன்மை கொண்ட ஸ்பிரிங்குகளை விற்பது இதனால்தான்.

வெறும் வண்டிக்கு மிகக் கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி குதிக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் பிடிப்பு இழக்கும். சுமை மிகுந்த வண்டிக்கு மென்மையான ஸ்பிரிங் போட்டால் கூட்டிய உயரம் முழுவதும் சுமையிலேயே கரைந்துவிடும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வண்டி எந்தச் சுமையோடு ஓடுகிறதோ, அந்தச் சுமைக்கே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால் ஊகத்துக்கு இடமிருக்காது.

கடினமான ஸ்பிரிங் போட்டதாலேயே வண்டி கூடுதல் எடை சுமக்கத் தகுதி பெறுவதில்லை. உற்பத்தியாளர் குறித்த மொத்த எடை வரம்பு அப்படியே தொடரும். பிரேக், அச்சு, சட்டகம், டயர் ஆகியவை அந்த வரம்புக்கே கணக்கிடப்பட்டவை.

ஸ்பேசரும் முழுத் தொகுப்பும்

உயர்த்த மலிவான வழி, ஸ்ட்ரட்டின் மேல் ஸ்பேசர் எனப்படும் உலோக வளையத்தை வைப்பது. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் இடையில் பொருந்தியிருப்பதால், 25 மிமீ ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ இருமடங்கு உயர்வைத் தரும். ஆனால் சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது அது முன்பைவிடக் கூடுதலாக இறங்குகிறது. இதனால் மேல் பால் ஜாயின்ட்டும், முன் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் சிவி ஜாயின்ட்டும் தம் எல்லையைத் தாண்டி வளையக்கூடும்.

புதிய ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் கொண்ட முழுத் தொகுப்பில் சக்கரம் இறங்கும் எல்லையை ஷாக் அப்சார்பரின் நீளமே கட்டுப்படுத்துகிறது. பழைய ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அதனால் அடக்க முடியாமல் போகலாம்.

பொருத்தும் முறை

வேலை தொடங்கும் முன் நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். டயர் மாறினாலும் காற்றழுத்தம் மாறினாலும் இந்த அளவு மாறாது. எனவே உண்மையான உயர்வை இதுவே காட்டும்.

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சட்டகத்தின் அடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லக்கூடாது.
2. முன் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெபிலைசர் இணைப்பு, ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட், மேலுள்ள மூன்று நட்டுகள் ஆகியவற்றை அகற்றி ஸ்ட்ரட்டை வெளியே எடுக்கலாம்.
3. ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றும் முன் ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் உயிரைப் பறிக்கும் விசையோடு பாயும். இந்த ஒரு வேலையைப் பட்டறையில் கொடுப்பது அல்லது ஏற்கெனவே கோத்த ஸ்ட்ரட்டை வாங்குவது பாதுகாப்பானது.
4. பின்புறத்தில் அச்சை ஜாக்கியால் தாங்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை அகற்றி, அச்சை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் வெளிவரும். அப்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் மின்கம்பியும் இழுபடாமல் கவனிக்க வேண்டும்.
5. புதிய ஸ்பிரிங்கின் முனை அதன் ரப்பர் இருக்கையில் சரியாக அமர்ந்ததா என்று பார்த்த பிறகே அச்சை உயர்த்த வேண்டும்.
6. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரங்களில் நின்ற நிலையிலேயே இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

எல்லா முடுக்கங்களும் பணிக்கையேட்டில் உள்ள அளவுப்படி டார்க் ரெஞ்சால் செய்யப்பட வேண்டும். 50 முதல் 100 கிமீ ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி சோதிப்பது வழக்கம்.

பொருத்திய பின் சரிசெய்ய வேண்டியவை

முன்புறம் உயர்ந்ததும் கேம்பர், காஸ்டர், டோ ஆகிய மூன்று சக்கரக் கோணங்களும் மாறும். இவற்றில் காஸ்டர் குறைவது முக்கியமானது. காஸ்டர் குறைந்தால் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வருவது தளரும். நெடுஞ்சாலையில் வண்டி அலைவதுபோல் இருக்கும். கீழ் ஆர்மில் உள்ள சரிசெய் போல்ட்டுகளால் ஓரளவு இதைத் திருத்தலாம். அந்த எல்லை போதாதபோது வடிவம் மாற்றிய மேல் ஆர்ம் தேவைப்படும். எனவே வீல் அலைன்மென்ட் செய்யாமல் வேலை முடிந்ததாகக் கொள்ள முடியாது.

பின்புறத்தில் பன்ஹார்டு தண்டு வில்போன்ற பாதையில் அசைவதால், உடற்பகுதி உயரும்போது அச்சு சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். நீளம் மாற்றக்கூடிய தண்டு இதைச் சரிசெய்யும்.

முகப்பு விளக்கை மறப்பவர்கள் பலர். பின்புறத்தைவிட முன்புறம் 20 மிமீ கூடுதலாக உயர்ந்தால், 50 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை சுமார் 36 செமீ மேலே ஏறும். எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்ய அது போதும். ரேடார், கேமரா உள்ள வண்டிகளில் அவற்றையும் மீண்டும் அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

நிலைப்புத்தன்மை

சக்கரங்களின் பக்கவாட்டு இடைத்தொலைவை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது நிலைப்புக் காரணி. இது குறையக் குறைய வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். பிராடோவின் பக்கவாட்டு இடைத்தொலைவு 1585 மிமீ. ஈர்ப்பு மையம் 720 மிமீ உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் காரணி 1.10. உடற்பகுதி 50 மிமீ உயர்ந்து ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 40 மிமீ மேலே சென்றால் அது 1.04 ஆகும்.

கூரைமேல் ஏற்றும் சுமையும் இதே விளைவைத் தரும். 2400 கிலோ எடையுள்ள வண்டியின் கூரையில் 50 கிலோ வைத்தால் ஈர்ப்பு மையம் மேலும் சுமார் 25 மிமீ உயரும். ஆகவே உயர்த்திய வண்டியில் கனமான பொருள்களை உள்ளே தரையோடு வைப்பதும், வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதும் இன்றியமையாதவை.

சட்டமும் காப்பீடும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சஸ்பென்ஷனால் 50 மிமீ, டயரால் 25 மிமீ என மொத்தம் 75 மிமீ வரை பொறியாளர் சான்றிதழ் இல்லாமல் உயர்த்தலாம். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறுபடுகின்றன. வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதும் அந்நாட்டு விதி. மேற்சொன்ன டயர் மாற்றத்தில் வேகம் 3.4 விழுக்காடு கூடுவதால், வேகமானியைச் சோதிப்பது அவசியம்.

இந்தியாவில் நிலை கடுமையானது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். பாகங்களின் ரசீது, அலைன்மென்ட் அறிக்கை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த உயர அளவுகள் ஆகிய மூன்றையும் வண்டியின் ஆவணங்களோடு சேர்த்து வைத்திருப்பது நலம்.